ஆம்பளப் புள்ள தங்காத வீடு: அம்மை வைரஸ் குடும்பத்தின் கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, பேச்சு நடையைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

வழக்கமா இந்த நிகழ்ச்சியில ஒரு கண்டுபிடிப்போட வரலாற்றை எடுத்துப் பேசுவோம். இன்னிக்கும் அதேதான். ஆனா இந்த முறை கதை எங்க வீட்டு வாசல்லேருந்து ஆரம்பிக்குது. முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்: நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் வேலை பாக்குற இன்ஜினியர். சிகிச்சை முடிவை உங்க டாக்டர்கிட்ட கேட்டு எடுங்க. வரலாற்றை என்கிட்ட கேளுங்க.

போன மாசம் எங்க ஊர் கம்மாபுரத்துல அக்காவுக்கு வளைகாப்பு. அக்கான்னா பெரியம்மா பொண்ணு. பெங்களூருலேருந்து ராத்திரி பஸ் புடிச்சு, காலையில விருத்தாசலத்துல இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏழு வகை சாதம், வளையல், சந்தனம்னு வீடே கலகலன்னு இருந்துச்சு. பின்கட்டுல பாத்திரம் எடுக்கப் போனப்போ, தூரத்துச் சொந்தக்காரப் பாட்டி ஒருத்தங்க இன்னொருத்தங்ககிட்ட மெதுவா சொன்னது காதுல விழுந்துச்சு. "பொம்பளப் புள்ளயா பொறந்தா தேவல. அந்த வீட்டுல ஆம்பளப் புள்ள தங்காது."

பெரியம்மா பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கும் கேட்டிருக்கும். ஒண்ணும் சொல்லாம அண்டாவைக் கழுவிக்கிட்டே இருந்தாங்க.

பெரியம்மா கட்டிக்கிட்டது சொந்தத் தாய்மாமனை. அக்காவுக்கு முன்னாடி ஒரு பையன், பின்னாடி ஒரு பையன். மூத்தவனுக்கு எட்டு மாசத்துல அம்மை போட்டுச்சு. தெருவுல நாலு புள்ளைங்களுக்கு வந்துச்சு, மத்த மூணும் தண்ணி ஊத்தி எந்திரிச்சிடுச்சு. இவனுக்கு மட்டும் கொப்புளம் நிக்கவே இல்ல, மூச்சு வாங்க ஆரம்பிச்சு, போயிட்டான். சின்னவன் அஞ்சு மாசத்துல வாயெல்லாம் வெள்ளையா மாவு படிஞ்சு, வயித்தால போயி, சவலையா இளைச்சு, காய்ச்சலோட போனான். மூத்தவனை ஆத்தா எடுத்துக்கிட்டான்னாங்க, சின்னவனுக்கு தோஷம்னாங்க. ரெண்டுமே நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பாட்டி சொன்ன அந்த வாக்கியத்தை நான் வேற இடத்துல படிச்சிருந்தேன். மருத்துவ வரலாற்றுல கிட்டத்தட்ட அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வருது. எங்கெல்லாம்னு சொல்றேன்.

அம்மையும் அக்கியும்

முதல்ல அம்மை. எங்க ஆயா காலத்துல அம்மைன்னா பயம் அதிகம், ஏன்னா பெரியம்மையும் சின்னம்மையும் அப்போ ஒரே ஆத்தாவோட ரெண்டு முகம். வாசல்ல வேப்பிலை, வீட்டுல தாளிப்பு கிடையாது, மூணாவது தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது. இதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. வேப்பிலையைப் பாத்ததும் வெளியாள் திரும்பிப் போயிடுவாங்க இல்லையா, அது நல்ல தனிமைப்படுத்தல்.

ஆனா ரெண்டும் வேற வேற நோய். 1767இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர், சின்னம்மை வந்தவருக்குப் பெரியம்மைக்கான பாதுகாப்பு கிடைப்பதில்லை, இரண்டும் தனித்தனி என்று விளக்கிக் கட்டுரை வாசித்தார். பெரியம்மை இன்று உலகத்திலேயே இல்லை. 1975க்குப் பிறகு இந்தியாவில் அது பரவவில்லை. இப்போ நம்ம ஊர்ல "அம்மை போட்டிருக்கு"ன்னு சொன்னா பெரும்பாலும் சின்னம்மைதான். அது ஹெர்பிஸ் வைரஸ் குடும்பம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. வந்தா போகாது. கொப்புளம் காஞ்சிடும், காய்ச்சல் விட்டுடும், ஆனா வைரஸ் நரம்பு வேர்லயோ ரத்த அணுவுலயோ போய்ப் படுத்துக்கும், சாகற வரைக்கும் இருக்கும். இதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே ஒரு சாட்சி இருக்கு: அக்கி. எங்க பக்கம் அக்கி வந்தா குயவர் வீட்டுக்குப் போய் காவி மண்ணால அக்கி எழுதிட்டு வருவாங்க. அந்த அக்கி புதுசா எங்கேருந்தோ வந்ததில்ல. சின்ன வயசுல போட்ட அதே அம்மை, நரம்புக்குள்ள நாப்பது அம்பது வருஷம் தூங்கி, உடம்பு தளர்ந்த நேரம் பாத்து எந்திரிக்குது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புடாபெஸ்டில் போகாய் என்ற குழந்தை மருத்துவர், பெரியவர்களுக்கு அக்கி வந்த வீடுகளில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்து, இரண்டும் ஒன்றோ என்று சந்தேகப்பட்டார். 1950களில் அமெரிக்காவில் தாமஸ் வெல்லர் இரண்டு கொப்புளங்களிலிருந்தும் வைரஸை வளர்த்து, ஒரே வைரஸ்தான் என்று காட்டினார்.

மனுஷனைப் பிடிக்கிற ஹெர்பிஸ் வைரஸ் மொத்தம் ஒன்பது. இன்னிக்குக் கதைக்கு நாலு போதும். உதட்டோரம் கொப்புளம் போடற ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், அம்மை வைரஸ், எப்ஸ்டீன்-பார் என்கிற ஈபிவி, சைட்டோமெகலோ என்கிற சிஎம்வி. இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் இதுல ஒண்ணாவது இருக்கும், பலருக்கு மூணு நாலு இருக்கும். எனக்கும்தான். நாம யாரும் ஜெயிக்கல நண்பர்களே. நம்ம உடம்பு ஒவ்வொரு நாளும் காவல் காத்துக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

அந்தக் காவல்காரர் இல்லாமலே ஒரு குழந்தை பிறந்தா?

எதிர்ப்பொருள் இல்லாத பையன்

ஒரு புரோகிராம் எப்படி வேலை செய்யுதுன்னு புரியலன்னா, நாங்க ஒவ்வொரு பகுதியா நிறுத்திப் பார்ப்போம். எது நின்னா எது உடையுதுன்னு தெரிஞ்சா அமைப்பு புரிஞ்சிடும். மனுஷ உடம்புல அப்படிச் செய்ய முடியாது. ஆனா சில குழந்தைகள் அப்படியே பிறந்துடறாங்க.

1950இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிளான்ஸ்மன், ரினிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் இரண்டு கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வாயில் பூஞ்சை படிந்த வெள்ளை, நிற்காத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை. ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லை. இரண்டு குழந்தைகளும் பிழைக்கவில்லை.

இந்த இடத்தைப் படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடி வெச்சிட்டேன். பெரியம்மா சின்னவனைப் பத்திச் சொன்னது அத்தனையும் அதுல இருந்துச்சு.

இரண்டு வருஷம் கழித்து, 1952இல், அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் ஓர் எட்டு வயசுப் பையனைப் பற்றி எழுதினார். பாக்டீரியாத் தொற்று அவனை விடாமல் தாக்கியது. பரிசோதித்தால், ரத்தத்தில் காமா குளோபுலின், அதாவது எதிர்ப்பொருள் இருக்கும் பகுதி, சுத்தமாக இல்லை. வெளியிலிருந்து அதை ஊசியாகக் கொடுத்தார், பையன் தேறினான்.

ஆனா புரூட்டனோட பையனை மாதிரியான குழந்தைகளைத் தொடர்ந்து கவனிச்ச டாக்டர்களுக்கு ஒரு ஆச்சரியம். எதிர்ப்பொருளே இல்லாத இந்தக் குழந்தைகளுக்குச் சின்னம்மை வந்தா, மத்த குழந்தைகளைப் போலவே கொப்புளம் போட்டு ஆறிடுது! பெர்ன் குழந்தைகளைப் போல லிம்போசைட் இல்லாதவங்களுக்கோ அதே சின்னம்மை நுரையீரல், கல்லீரல்னு பரவி உயிரை எடுத்துடுது.

அப்போ உள்ளே வந்துவிட்ட ஹெர்பிஸ் வைரஸை அடக்குவதில் முக்கியமான ஆள் எதிர்ப்பொருள் கிடையாது. வேற ஏதோ அணு. 1960களில் இந்தப் புதிர் அவிழ்ந்தது. 1961இல் ஜாக் மில்லர் எலிகளில் தைமஸ் சுரப்பியின் வேலையைக் காட்டினார். 1965 வாக்கில் மின்னசோட்டாவில் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிக்குஞ்சுகளில் சோதனை செய்து, லிம்போசைட்டுகள் இரண்டு தனி வம்சம் என்று பிரித்தார்கள். எதிர்ப்பொருள் செய்வது பி செல் வம்சம். வைரஸ் புகுந்த அணுவைத் தேடிப் போய்க் கொல்வது, தைமஸில் பழகி வரும் டி செல் வம்சம். பிற்பாடு மூன்றாவது ஆளும் சேர்ந்தது, இயற்கைக் கொல்லி அணு. 1989இல், அந்த அணு இல்லாத ஒரு பெண்ணுக்கு ஹெர்பிஸ் குடும்பத் தொற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடுமையாக வந்த வரலாறு வெளியானது.

ஹெர்பிஸ் வைரஸுக்குக் காவல் யார்னு இன்னிக்கு மருத்துவப் புத்தகத்துல ரெண்டு வரியில இருக்கு. அந்த ரெண்டு வரிக்குப் பின்னால இந்தக் குழந்தைகள் இருக்காங்க.

அக்காவின் மஜ்ஜை

இப்போ ஹூஸ்டன். 1971 செப்டம்பர் 21. டேவிட் வெட்டர்னு ஒரு பையன் பிறக்கிறான். "பப்பிள் பாய்"னு நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. அவனுக்கு முன்னாடி பிறந்த அண்ணன் ஏழு மாசத்துல தொற்றுல இறந்துட்டான். அக்கா கேத்தரின் ஆரோக்கியமா இருந்தா. கவனிங்க: ஆண் குழந்தை தங்கல, பெண் குழந்தை தங்கிடுச்சு.

அம்மாவிடமிருந்து எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வரும் குறை அது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது காப்பாற்றும். பையனுக்கு ஒன்றுதான். அம்மாவிடம் பிழை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த மரபணு எதுவென்று தெரியவந்தது 1993இல்.

டேவிட்டுக்கும் அது வரலாம்னு முன்கூட்டியே தெரிஞ்சதால, பிறந்த சில நொடிகள்லயே கிருமி இல்லாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள வெச்சாங்க. பொருத்தமான எலும்பு மஜ்ஜை கிடைச்சதும் வெளியே எடுத்துடலாம்னு திட்டம். அக்கா மஜ்ஜை முழுசாப் பொருந்தல. காத்திருந்து காத்திருந்து பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சு.

1983இல், பொருந்தாத மஜ்ஜையிலிருந்து சண்டை போடும் டி செல்களை நீக்கிவிட்டுக் கொடுக்கும் முறை வந்திருந்தது. அந்த அக்டோபரில் கேத்தரினின் மஜ்ஜையை அப்படிச் சுத்தம் செய்து தம்பிக்குக் கொடுத்தார்கள். சில வாரம் நன்றாக இருந்தான். பிறகு காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. 1984 பிப்ரவரியில் கூடாரத்தை விட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அவனுடைய அம்மா கையுறை இல்லாமல் மகனைத் தொட்டது அப்போதுதான். பிப்ரவரி 22 அன்று இறந்துபோனான்.

பிரேதப் பரிசோதனையில் உடல் முழுக்கக் கட்டிகள். காரணம் ஈபிவி. கேத்தரினின் பி செல்களுக்குள் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்த வைரஸ், மஜ்ஜையோடு சேர்ந்து தம்பிக்குப் போயிருக்கிறது. அக்கா உடம்பில் காவலுக்கு டி செல் இருந்தது. தம்பி உடம்பில் இல்லை. பன்னெண்டு வருஷம் வெளியிலிருந்து ஒரு கிருமியும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அது அக்காவின் அன்போடு சேர்ந்து வந்தது.

விமானத்தில் வந்த கலங்கல் நீர்

அந்த ஈபிவி கண்டுபிடிக்கப்பட்டே அப்போ இருபது வருஷம்தான் ஆகியிருந்துச்சு. உகாண்டாவின் கம்பாலாவில் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு புற்றுநோயைப் பற்றி 1958இல் எழுதினார். 1961 மார்ச்சில் லண்டனில் அவர் பேசிய கூட்டத்தில் ஆண்டனி எப்ஸ்டீன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் உட்கார்ந்திருந்தார். இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கும் என்று அவருக்குப் பொறிதட்டியது. கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

1963 டிசம்பரில் ஒரு நாள் பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திரும்பிவிட்டது. மாதிரி கைக்கு வந்தபோது திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்திருப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால், கட்டியிலிருந்து பிரிந்த அணுக்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன! அவற்றை இவான் பார் வளர்த்தெடுத்தார். 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஹெர்பிஸ் குடும்ப வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

இதுக்கப்புறம்தான் எனக்கு நம்ம பாட்டி ஞாபகம் வந்த இடம். 1975இல் டேவிட் பர்ட்டிலோ என்ற நோயியல் மருத்துவர் அமெரிக்காவில் டங்கன் என்ற ஒரு வம்சத்தைப் பற்றி எழுதினார். அந்த வம்சத்தில் பையன்களுக்கு, மற்ற பிள்ளைகளுக்குச் சாதாரணத் தொண்டைவலிக் காய்ச்சலாக வந்து போகும் ஈபிவி, உயிரை எடுக்கும் நோயாக வந்தது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு டங்கன் நோய் என்றே பெயர் வந்தது. 1998இல்தான் அதன் மரபணு தெரிந்தது.

டங்கன் வம்சத்தைப் பத்தி மருத்துவர் வரைஞ்ச குடும்ப மரத்தைப் பாத்தீங்கன்னா, சதுரம் ஆண், வட்டம் பெண், கறுப்பு அடிச்சது இறந்தவங்க. நம்ம பாட்டி பின்கட்டுல நின்னு சொன்னதும் அதே படம்தான். "அந்த வீட்டுல ஆம்பளப் புள்ள தங்காது." பர்ட்டிலோ அதைக் கேட்டா நோட்டுப் புத்தகத்தை எடுத்திருப்பார். நம்ம ஊர்ல அது சாபமாப் போச்சு.

பூட்டுக்குள்ள இருந்த சாவி

துக்கத்தையே பேசிக்கிட்டு இருந்தா எப்படி? கொஞ்சம் மருந்தைப் பேசுவோம்.

கெர்ட்ரூட் எலியன். டாக்டர் பட்டம் வாங்காத வேதியியலாளர், 1988இல் நோபல் பரிசு வாங்கினவர். அவங்க குழு 1970களின் கடைசியில வெளியுலகுக்குச் சொன்ன மருந்து அசைக்ளோவிர். அது வேலை செய்யற விதம் என்னை மாதிரி ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மருந்து உடம்புக்குள்ள போறப்போ கிட்டத்தட்ட செயலற்றது. ஹெர்பிஸ் வைரஸ் தன்னோட பிழைப்புக்காக ஒரு நொதியை வெச்சிருக்கு. அந்த நொதி பட்டாத்தான் மருந்து உயிர் பெறும். அதாவது வைரஸ் இருக்கிற அணுவுல மட்டும் மருந்து விழிச்சு, வைரஸ் தன்னைப் படியெடுக்கிற வேலையை நிறுத்தும். திருடன் தன் சாவியாலயே தன்னைப் பூட்டிக்கிற மாதிரி. எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தைக்கு அம்மை வந்தா, இதைச் சீக்கிரமா நரம்பு வழியா ஏத்தறது உயிர் காக்கும். சிஎம்விக்கு இது போதாது, அதுக்கு கான்சிக்ளோவிர்னு தனி மருந்து.

அடுத்து தடுப்பூசி. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தக்காஹாஷி 1964 வாக்கில் ஆராய்ச்சிக்காக இருந்த ஊர் எது தெரியுமா? அதே ஹூஸ்டன். அங்கே அவருடைய மூன்று வயசு மகனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்தது. ஊர் திரும்பியவர் அம்மை வைரஸை வலுவிழக்கச் செய்து 1974இல் தடுப்பூசி கொண்டுவந்தார். ஆனா இதுல ஒரு சிக்கல். அது உயிருள்ள வைரஸ். டி செல்லே இல்லாத குழந்தைக்கு அதைப் போடவே கூடாது. யாருக்கு அதிகம் தேவையோ அவங்களுக்குக் கொடுக்க முடியாது. அவங்களைக் காப்பாத்தணும்னா சுத்தி இருக்கிற நாம போட்டுக்கணும். இந்தியாவுல இது அரசின் இலவசப் பட்டியல்ல இல்ல, தனியார்லதான் போட்டுக்கணும்.

ஹூஸ்டனுக்கு இன்னொரு தடவை திரும்புவோம். ஈபிவியை அடையாளம் தெரிஞ்ச டி செல்களை ஆய்வகத்துல பெருக்கி, மஜ்ஜை மாற்றிய நோயாளிக்குச் செலுத்தற முறையை 1990களில் கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லாப் குழு மெம்ஃபிஸ்ல உருவாக்கினாங்க. பிறகு அவங்க வேலையைத் தொடர்ந்தது டேவிட் இறந்த அதே மருத்துவ வளாகத்துல. இன்னிக்கு மஜ்ஜை மாற்றிய குழந்தைகளுக்கு ரத்தத்துல ஈபிவியும் சிஎம்வியும் ஏறுதான்னு அடிக்கடி அளந்து பாக்கறாங்க. டேவிட்டுக்கு அப்படி அளக்கிற கருவி இல்ல.

நம்ம பக்கம்

சரி, கம்மாபுரத்துக்கு வருவோம். நம்ம ஊர் நிலவரத்துல மூணு விஷயம் வித்தியாசம்.

ஒண்ணு, சிஎம்வி. பணக்கார நாடுகள்ல பெரியவங்க பலருக்கு இந்த வைரஸ் இருக்காது. நம்ம நாட்டுல பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. தாய்ப்பால் வழியாவும் குழந்தைக்கு வரும். சாதாரணக் குழந்தைக்கு அதனால ஒண்ணும் ஆகாது, தாய்ப்பால் அமிர்தம்தான், யாரும் நிறுத்திடாதீங்க. ஆனா டி செல் இல்லாத குழந்தைக்கு அதே பால் வழியா வர சிஎம்வி நுரையீரலையும் கண்ணையும் குடலையும் தாக்கும். நோய் உறுதியான குழந்தைக்கு மட்டும் பால் விஷயத்தை டாக்டர் தனியா முடிவு பண்ணுவார். அந்தக் குழந்தைக்கு ரத்தம் ஏத்தினாலும், சிஎம்வி இல்லாத, கதிர்வீச்சு காட்டிய ரத்தம்தான் ஏத்தணும்.

ரெண்டு, சொந்தத்துல கல்யாணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நாலில் ஒரு பங்குக்கு மேல திருமணங்கள் ரத்த சொந்தத்துல. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் எல்லாம் சேர்த்து. நான் பழி போடல, எங்க வீட்டுலயே எத்தனையோ ஜோடி. ஆனா கணக்கு இதுதான்: கணவன் மனைவி ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மறைந்த பிழை இருந்தா, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. சொந்தத்துல கட்டினா அந்த ஒரே பிழை ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுது.

இதுல ஒரு வகை பெரியவங்க கண்ணுக்கே தெரியும். குழந்தை நிறம் சாதாரணமா இருக்கும், முடி மட்டும் சாம்பல் பூத்த வெள்ளி மாதிரி மின்னும். 1978இல் பாரிஸில் கிளாட் கிரிசெல்லி விவரித்த நோய் அது, நம்ம நாட்டுலயும் பதிவாகியிருக்கு. அதுல ஒரு பிரிவுல கொல்லி அணு இருக்கு, அதுக்குள்ள ஆயுதமும் இருக்கு, ஆனா வெளியே எறிய வழி இல்ல. சரக்கு ஏத்தின லாரி, கதவு திறக்கல. அந்தக் குழந்தைக்கு ஈபிவி மாதிரி ஒண்ணு வந்தா, விடாத காய்ச்சல், வீங்கின கல்லீரல், மண்ணீரல், சரியற ரத்த அணுக்கள்னு எதிர்ப்பு மண்டலமே கட்டுமீறிப் போயிடும். வெள்ளி முடியைப் பாத்து "ராசியான புள்ள"ன்னு கொஞ்சறதோட நிறுத்தாம, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க.

மூணு, பிசிஜி. காசநோய்க்கு எதிரா பிறந்ததும் போடற ஊசி, உயிருள்ள கிருமி. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாத்துது. டி செல் இல்லாத குழந்தைக்கு மட்டும் அந்த ஊசிக் கிருமியே உடம்பு முழுக்கப் பரவலாம். அமெரிக்காவில் 2008இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கி, பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத் துளியில் டி செல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2018க்குள் எல்லா மாநிலத்திலும் வந்துவிட்டது. நம்ம நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்குமான அப்படி ஒரு சோதனை இல்லை.

சிகிச்சை இல்லாம இல்ல. ராபர்ட் குட் 1968இல் முதன்முறையாக இப்படிப்பட்ட ஒரு கைக்குழந்தைக்கு அக்காவின் மஜ்ஜையை வைத்துப் பிழைக்கவைத்தார். வேலூர் சிஎம்சியில் 1986இலேயே மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. சண்டிகர் பிஜிஐயில் டாக்டர் சுர்ஜித் சிங், மும்பையில் டாக்டர் முகேஷ் தேசாய், டாக்டர் மனீஷா மட்கைக்கர் போன்றவர்கள் இந்த நோய்களை இந்தியாவில் அடையாளம் காணும் வேலையை வளர்த்தார்கள். சென்னை அப்போலோவில் டாக்டர் ரேவதி ராஜ் குழு, பாதிப் பொருத்தம் உள்ள அப்பா அம்மாவின் மஜ்ஜையை வைத்தே இந்தக் குழந்தைகளுக்கு மாற்று செய்து, அனுபவத்தை எழுதியும் இருக்கிறார்கள். அந்தப் போராட்டத்திலும் பெரிய எதிரி சிஎம்வி. 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்த வகை நோய்கள் இருக்கின்றன. 2022இல் உதவி வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது.

ஆனா இது அத்தனைக்கும் முன்னாடி ஒருத்தர் சந்தேகப்படணும். அதுக்குப் பெரிய கருவி வேணாம். எந்தச் சின்ன ஊர் ஆய்வகத்துலயும் எடுக்கற சாதாரண ரத்த அணு எண்ணிக்கையில லிம்போசைட் எண்ணிக்கை இருக்கு. கைக்குழந்தைக்கு அது பெரியவங்களை விட ரொம்ப அதிகமா இருக்கணும். 3000க்குக் கீழே இருந்தா, பெரியவங்க அளவுக்கு அது "நார்மல்"னு காகிதத்துல அச்சாகியிருக்கலாம், குழந்தைக்கு அது எச்சரிக்கை. இந்த ஒரு வரியை மட்டும் இன்னிக்கு ஞாபகம் வெச்சுக்கிட்டாலும் போதும்.

பெரியம்மா கேட்டது

வளைகாப்பு முடிஞ்ச மறுநாள் காலையில திண்ணையில உக்காந்து, பெரியம்மாகிட்டயும் அக்காகிட்டயும் இதையெல்லாம் சொன்னேன். ஹூஸ்டன் பையன் கதையையும் சொன்னேன். பெரியம்மா கேட்டாங்க, "அந்த அம்மாவுக்கும் ரெண்டு பையனாப்பா?" ஆமான்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்போ எங்க புள்ளைங்களுக்கும் அதானா?"ன்னு கேட்டாங்க.

தெரியாது பெரியம்மான்னுதான் சொன்னேன். அதுதான் உண்மை. முப்பது வருஷம் முன்னாடி போன புள்ளைங்க, ஒரு ரத்தப் பரிசோதனைக் காகிதம்கூட மிச்சம் இல்ல. எக்ஸ் வழியா வந்ததா, சொந்தத்துல கட்டினதால வந்ததா, ரெண்டுமே இல்லாம ரெண்டு தனித்தனி துரதிர்ஷ்டமான்னு யாராலும் இனி சொல்ல முடியாது. வேலூர்ல அப்போ மஜ்ஜை மாற்று இருந்துச்சு, ஆனா கம்மாபுரத்துலேருந்து வேலூர் வரைக்கும் போகணும்னு யாருக்குத் தோணியிருக்கும்? ஆனா ஒண்ணு சொன்னேன்: தண்ணி ஊத்தினது தப்பில்ல, நேர்த்திக்கடன் பாக்கி இருந்ததால வந்ததும் இல்ல, நீங்க எதையும் செய்யாம விட்டதால வந்ததும் இல்ல. பெரியம்மா முந்தானையால மூஞ்சியைத் துடைச்சிக்கிட்டு, "உங்க ஆயா உசுரோட இருந்தா இதைக் கேட்டிருக்கணும்"னு மட்டும் சொன்னாங்க.

அக்காவுக்கு இப்போ எட்டாவது மாசம். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போறப்போ நானும் கூடப் போனேன். ரெண்டு தம்பி, அண்ணன் கைக்குழந்தையிலேயே தொற்றுல இறந்த விவரத்தை டாக்டரம்மாகிட்ட சொன்னோம். இத்தனை மாசமா யாரும் கேக்கவும் இல்ல, நாங்க சொல்லவும் இல்ல. அவங்க முழுசாக் கேட்டுட்டு, ஃபைல்ல சிவப்பு மையில எழுதினாங்க: குழந்தை பிறந்ததும் லிம்போசைட் எண்ணிக்கை பாக்கணும், தேவைன்னா டி செல் வகைப் பரிசோதனை, முடிவு வர்ற வரைக்கும் பிசிஜி நிறுத்தி வைக்கணும். அவ்வளவுதான், மூணு வரி. நீங்களா தடுப்பூசியை நிறுத்தாதீங்க நண்பர்களே, இப்படி டாக்டர் சொன்னா மட்டும்.

உங்க வீட்டுலயும் ஏதாவது பாட்டி இப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். "அவங்க வம்சத்துல மூத்தது நிக்காது", "அம்மை போட்டா அந்த வீட்டுக்கு ஆவாது"ன்னு. அதைச் சாபமா எடுத்துக்காதீங்க, கிண்டலும் பண்ணாதீங்க. யார், எத்தனை மாசத்துல, என்ன ஆச்சுன்னு கேட்டு ஒரு காகிதத்துல எழுதி, வீட்டுல யாராவது கர்ப்பமா இருக்கிறப்போ டாக்டர்கிட்ட கொடுங்க.

இதைப் பேச அனுமதி கொடுத்த பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. அடுத்த எபிசோட்ல நெய்வேலி நிலக்கரி கண்டுபிடிச்ச கதை, ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கீங்க.